முக்கிய வினாக்கள் வாங்கித் தரும் பெற்றோருக்கு

திருவொற்றியூர்ப் பெற்றோரே, காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டதா என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரிக்க வேண்டியதில்லை. தேரடிப் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையை எட்டிப் பார்த்தால் போதும். "லெவன்த் ஹிஸ்டரி இம்பார்ட்டன்ட் இருக்கா?" என்று கேட்டு வரிசையில் நிற்பவர்களில் பிள்ளைகளைவிட நாம்தான் அதிகம். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஷிப்ட் முடிந்து நேரே வந்த அப்பா. மார்க்கெட் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சில்லறை தேடும் அம்மா. கைக்கு வரும் தாளில் சில கேள்விகளுக்கு மூன்று நட்சத்திரம், சிலவற்றுக்கு ஐந்து. ஐந்து நட்சத்திரம் போட்டது கட்டாயம் வருமாம். யார் போட்டது, எதை வைத்துப் போட்டது என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் தாளை நீட்டுகிறோம். "இத மட்டும் படிச்சுட்டுப் போடா, போதும்." இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் சண்டை போட வந்திருக்கிறேன்.

கேள்வியை ஊகிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தேர்வு என்று ஒன்று இருக்கிற வரைக்கும் பிள்ளைகள் ஊகிக்கத்தான் செய்வார்கள். ஒரு பாடத்தை முழுக்கப் படித்த பிள்ளை, "மிஸ் இதத்தான் கேப்பாங்க" என்று சொல்கிறது என்றால், அந்தப் பாடத்தில் எது தூண், எது திண்ணை என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊகம் படிப்பின் விளைச்சல். நாம் செய்வது என்ன? படிப்பதற்கு முன்னாலேயே வேறு யாரோ ஊகித்ததைக் காசு கொடுத்து வாங்கி, படிப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதை உட்கார வைக்கிறோம். பிள்ளை செய்திருக்க வேண்டிய வேலையில் ருசியான பகுதியை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்துவிட்டு, மனப்பாடம் என்கிற சக்கையை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். நாம் படித்த காலத்தில் ப்ளூ பிரிண்ட் என்று ஒன்று இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த வகைக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே வகுத்துச் சொன்ன கணக்கு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தைத் தொடவே வேண்டாம் என்று தீர்மானிப்பதில் நாம் கெட்டிக்காரர்களாக இருந்தோம். புதிய பாடத்திட்டம் 2018-19-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு வந்தது. அந்த மாற்றங்களோடு ப்ளூ பிரிண்டும் போயிற்று. கேள்வி புத்தகத்தின் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். நாம் மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே வாழ்கிறோம். வாழ்வதோடு நிற்காமல் அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதியும் வைக்கிறோம்.

பதினொன்றாம் வகுப்பு வரலாற்று வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி 20. இரண்டு மதிப்பெண் கேள்வி பத்தில் ஏழு எழுதினால் போதும். மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு. ஐந்து மதிப்பெண்ணில் ஏழு, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று இரண்டு கேள்வி. இவ்வளவு விட்டுக்கொடுத்து அமைத்த தாள் அது. பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு மூன்று கேள்வி தெரியாமல் போனாலும் தாள் அதைத் தாங்கும். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. அந்த இடத்தில் நட்சத்திரத் தாள் கையை விரிக்கும். 20 ஒரு மதிப்பெண் கேள்வியும் அப்படித்தான். பாடத்தின் கடைசியில் இருக்கும் புக் பேக் கேள்விகளைத் தாண்டி உள்ளிருந்து நாலு கேட்டுவிட்டால், "அவுட் ஆஃப் சிலபஸ்" என்று தேர்வறை வாசலில் அழுகைச் சத்தம். சிலபஸுக்குள்ளேதான் இருந்தது, கண்ணுகளா. தாளுக்குள்ளே இல்லை, அவ்வளவுதான்.

மற்ற பாடங்களில் இந்த வித்தை ஓரளவு பலிக்கலாம். பண்டைய வரலாற்றில் பலிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

பௌத்தம் பரவியதற்கான காரணங்கள்: இந்தக் கேள்வி இல்லாத நட்சத்திரத் தாளே கிடையாது. பிள்ளை ஐந்து காரணத்தை ஒப்பிக்கிறது. எளிய மக்கள் மொழி, சடங்குகளுக்கு எதிர்ப்பு, சங்கம், அரசர் ஆதரவு என்று வரிசை தப்பாமல் வருகிறது. "சரி, அது ஏன் கங்கைச் சமவெளியில் அந்தக் காலத்தில் தோன்றியது?" என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். அதற்கு விடை முந்தைய பாடங்களில் இருக்கிறது. இரும்பு வந்தது, காடு திருந்தியது, நெல் விளைச்சல் பெருகியது, உபரி சேர்ந்தது, நகரங்களும் வணிகர்களும் 16 மகாஜனபதங்களும் எழுந்தன. பழைய வேள்விச் சடங்குகள் அந்தப் புதிய மனிதர்களுக்குச் சுமையாகத் தெரிந்தன. இரும்புக்காலப் பாடத்துக்குத் தாளில் ஒரே நட்சத்திரம். அதனால் அதைப் பிள்ளை புரட்டவே இல்லை. காரணத்தை விட்டுவிட்டு, 'காரணங்கள்' என்று தலைப்புப் போட்ட பதிலை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. அசோகர் கேள்வி ஒரு பாடத்தில், சங்ககால மூவேந்தர் கேள்வி இன்னொரு பாடத்தில். தாளில் இரண்டும் தனித்தனி எண். ஆனால் அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டிலேயே சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் சத்தியபுத்திரரும் இருக்கிறார்கள். அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் தலையை உடைத்துக்கொண்டார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறித்தது. பாடலிபுத்திரத்துப் பேரரசரின் கல்லில் இருந்த பெயருக்கு விழுப்புரத்துப் பக்கத்துப் பாறை ஒன்று விலாசம் சொன்னது! இப்படி ஒரு துப்பறியும் கதை இரண்டு பாடங்களுக்கு நடுவே இருக்கிறது. எந்த நட்சத்திரத் தாளிலும் அது வராது. நடுவில் இருப்பது எதுவும் வராது.

நம்மில் கடலுக்குப் போகிற குடும்பங்கள் நிறைய உண்டு. வலையில் போன தடவை மீன் சிக்கிய கண்ணிகளை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு அடுத்த தடவை யாராவது படகேறுவார்களா? வரலாற்றுப் புத்தகத்தை நாம் அப்படித்தான் வெட்டிக் கொடுக்கிறோம்.

நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் தவறாமல் ஊகிக்கப்படும் ஒரு மதிப்பெண் கேள்வி இது. பிள்ளை 'பல்லாவரம்' என்று சரியாக வட்டமிடும். அது ஏதோ ஹரப்பா பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டும் வட்டமிடலாம், மதிப்பெண் ஒன்றுதான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம் வரை ஒரே வண்டி. எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்தால் அடுத்த நிறுத்தம் பல்லாவரம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்று நாம் சொன்னதே இல்லை.

அதே ஆண்டில் ஃபூட்டும் அவருடைய நண்பர் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கம், கொசஸ்தலையாற்றுப் படுகை. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அங்கே அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கொசஸ்தலையாறு எங்கே போய்க் கடலில் சேர்கிறது? எண்ணூரில். அனல் மின் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்த எண்ணெய்க் கசடையும் சுமந்துகொண்டு நம் முகத்துவாரத்துக்கு வருகிறதே, அந்த ஆறுதான். தாழங்குப்பத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் வலை வீசும் அதே தண்ணீர். உலகத் தொல்லியல் பேசும் ஆற்றின் வாயில் குடியிருந்துகொண்டு, 'அதிரம்பாக்கம்: இரண்டு மதிப்பெண், மூன்று நட்சத்திரம்' என்று நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில் கதை அதைவிட மோசம். தேர்வு வந்தால் வடிவுடையம்மன் சந்நிதியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து எடுக்காத குடும்பம் நம் ஊரில் குறைவு. வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கோயிலே ஒரு வரலாற்றுப் புத்தகம். 949-இல் அரக்கோணத்துப் பக்கம் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் மாண்டார். அவரோடு இருந்த கேரளத்து வீரர் ஒருவர், நண்பரோடு சேர்ந்து சாக முடியாமல் போன துயரத்தில் துறவியாகித் திருவொற்றியூருக்கு வந்து மடத்தின் தலைவரானார். சதுரானன பண்டிதர் என்று பெயர். ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணர் காலத்துக் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. பெயர் பட்டமாகத் தொடர்ந்தது. ராஜேந்திர சோழர் காலத்தில் இன்னொரு சதுரானன பண்டிதர் சொல்ல, ரவி என்ற வீரசோழத் தச்சன் இந்தக் கோயிலின் விமானத்தைத் தூங்கானை மாட வடிவில் கருங்கல்லில் எழுப்பினார். தஞ்சைப் பெரிய கோயில் யார் கட்டியது என்றால் அரசர் பெயர் சொல்லும் பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர்க் கோயிலைக் கட்டிய தச்சரின் பெயர் கல்லில் இருப்பது தெரியாது. பாணினி இலக்கணம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே வியாகரண தான மண்டபம் என்று ஒன்றும் அந்தக் கோயிலில் இருந்தது. அதற்குக் கொடுத்த நிலங்களைப் பற்றியும் கல்வெட்டு உண்டு. பாடம் நடத்துவதற்காக நிலம் எழுதிவைத்த ஊர் இது. அங்கே நின்றுகொண்டு நாம் அம்மனிடம், படிக்காத கேள்வி வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டுகிறோம்.

"இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்டதும் நம்மில் பலர் என்ன சொன்னோம்? "அப்ப பிளஸ் ஒன் ஹிஸ்டரிய விட்டுட்டு நேரா பிளஸ் டூ ஆரம்பிச்சுடலாமே." பிளஸ் டூ வரலாறு இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்குகிறது. சிந்துவெளியும் அசோகரும் சங்ககாலமும் பல்லவரும் இருப்பது பிளஸ் ஒன் புத்தகத்தில் மட்டும். அதைத் தாண்டிக் குதித்தால் பிள்ளைக்குப் பண்டைய வரலாறு ஒன்பதாம் வகுப்போடு முடிந்துபோகும்.

அது திரும்பி வருகிற இடம் எது தெரியுமா? நாம் ஆசைப்படுகிற அதே அரசு வேலை. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு என்று பாடத்திட்டத்தில் தனி அலகே இருக்கிறது. அதற்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் திரும்பப் புரட்டுவது ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையான இதே பள்ளிப் புத்தகங்களைத்தான். பதினாறு வயதில் பிள்ளை தாண்டிப்போன பாடத்தை இருபத்திரண்டு வயதில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிக்க வைப்போம். அங்கே நட்சத்திரத் தாளை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே எழுதிவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. 'எது வரும்' என்று கேட்டுப் பழகிய வீட்டில், 'பேப்பரே கிடைக்குமா' என்பது அடுத்த படிக்கட்டு. 2022 பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் நடந்த திருப்புதல் தேர்வின் வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளியாகிக் கைபேசிகளில் சுற்றின. வெளியிட்டவர்களைத் திட்டினோம், சரி. வந்ததைத் திறந்து பார்த்து, "இத நல்லா பாத்துக்கோ" என்று பிள்ளையிடம் நீட்டிய கைகள் யாருடையவை?

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஷிப்ட் முடிந்து எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வீடு சேரும் மனிதருக்கு மௌரிய நிர்வாகம் கேட்கப் பொறுமை இருக்காது. தேறுவதற்கே திணறும் பிள்ளைக்கு ஆசிரியர் உட்கார்ந்து பொறுக்கித் தரும் சிறு கையேடு வேறு. அந்தப் பிள்ளையை அறிந்து செய்த உதவி அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். எண்பது எடுக்கக்கூடிய பிள்ளையையும் அதே குறுக்கு வழியில் தள்ளிவிட்டு, "சேஃபா இருக்கட்டும்" என்று நாம் சொல்வதைத்தான் குறை சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? ஊகத்தைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்போம். முதலில் பாடத்தை ஒரு தடவை முழுக்கப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு அதுவே வினாத்தாள் தயாரிக்கட்டும்: ஒரு மதிப்பெண் ஐந்து, இரண்டு மதிப்பெண் மூன்று, ஐந்து மதிப்பெண் ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதை ஏன் கேட்பார்கள் என்று ஒரு வரி எழுதட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தாளை மாற்றிக்கொண்டு எழுதிப் பார்க்கட்டும். கேள்வி எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பதில் எழுதுவது பெரிய காரியமாக இருக்காது. உண்மையான தேர்வில் அதன் கேள்விகள் வந்தால் அதன் சந்தோஷமே தனி; வராவிட்டாலும் பாடம் கையில் இருக்கும்.

நமக்கும் வேலை உண்டு. அதற்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களும் செய்யலாம். சோறு போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இதுக்கு முன்னால என்ன நடந்துச்சு? ஏன் நடந்துச்சு? அது எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் பானை ஓடும் காசும் கல்வெட்டும் தாழியும் பேச்சுக்குள் வரும். வரலாறு மாறிக்கொண்டே இருப்பதும் அப்போதுதான் புரியும். சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரி 23-ஆம் தேதி அறிக்கை வெளியிட்டது. ஆய்வாளர்கள் அதைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள். போன வருட வினாத்தாளைப் பார்த்துப் போட்ட நட்சத்திரத்துக்கு இது தெரியுமா? "எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை இந்தச் செய்தியைப் பார்த்ததும் தானாகவே நிமிர்ந்து உட்காரும்.

தேர்வு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஃபூட் சேகரித்த தொல்பழங்காலப் பொருட்களை வாங்கிச் சேர்த்த இடம் அது. ஆதிச்சநல்லூர்ப் பொருட்களும் அமராவதிச் சிற்பங்களும் அங்கேதான். அவ்வளவு தூரம் முடியாதா? சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாமல், கல்லில் வெட்டிய எழுத்துகளைக் காட்டிக் கால் மணி நேரம் நில்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. தெரியாததைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதும் படிப்புத்தான்.

தேர்வு எழுதிவிட்டு வந்ததும், "குடுத்ததெல்லாம் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கேள்வி புதுசா இருந்துச்சு, நீ என்ன எழுதின?" என்று கேளுங்கள்.

இந்தக் காலாண்டுக்கு ஒரே ஒரு பாடத்தில், வரலாற்றில் மட்டும், அந்தத் தாளை வாங்காமல் இருந்து பாருங்கள். மதிப்பெண் ஐந்தோ பத்தோ குறையலாம். குறையாது என்று உறுதி சொல்ல மாட்டேன். குறைந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டியே ஆக வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அரையாண்டுக்கும் தாள் கேட்டு ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றீர்கள் என்றால், திட்டுகிற முறை என்னுடையது.